தண்ணீர் மாற்றியதும் மீன் தவிக்கிறதா? முதலில் மணியைப் பாருங்கள்

தொட்டியில் தண்ணீர் மாற்றிய பிறகு ஏதோ கோளாறு என்றால் எல்லோரும் மீனையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கு முன்னால் மணியைப் பாருங்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள், மீன் எப்போது மாறியது? ஐந்து நிமிடத்தில் தொடங்கிய தவிப்பும் சரி, மூன்றாம் நாள் தொடங்கிய தவிப்பும் சரி, பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும்: மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. நடுவில் என்ன நடந்தது என்று யோசிக்காமல் அலமாரியில் இருக்கிற நீல மருந்து, மஞ்சள் மருந்து எல்லாவற்றையும் ஊற்றிவிட்டால், பிழைக்க இருந்த மீனும் பிழைக்காது.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் தொட்டியில் நடப்பது எதுவோ அங்கே போங்கள்.

ஊற்றி முடிப்பதற்குள்ளேயே மீன் அங்குமிங்கும் பாய்கிறது, மேலே வந்து மூச்சு வாங்குகிறது

இது பெரும்பாலும் குளோரின். குழாய்த் தண்ணீரில் கிருமி சாகப் போடுவது, நமக்கு நல்லது, மீனுக்கு விஷம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. வீட்டுக் குழாயில் வருவது பொதுவாக அதைவிடக் குறைவு, 0.2 முதல் 2 மில்லிகிராம் வரை. ஆனால் மீனின் செவுளுக்கு அதில் நூறில் ஒரு பங்கே கெடுதல். செவுளின் மெல்லிய தோலை அது அரித்துவிடும், மீன் வழவழப்பான சளியை அதிகமாகச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும், அந்தச் சளியே மூச்சை இன்னும் அடைக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிப்பது இதனால்தான்.

உடனே செய்ய வேண்டியது: குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்தை எடுத்து முழுத் தொட்டிக்கும் கணக்குப் போட்டு ஊற்றுங்கள். மாற்றியது 20 லிட்டர், தொட்டி 100 லிட்டர் என்றால் 100 லிட்டருக்கான அளவு. நேரம் இல்லாத இந்த வேளையில் இரண்டு மடங்கு போட்டாலும் தப்பில்லை. ஏர் பம்ப்பை முழு வேகத்தில் விடுங்கள். குளோரின் சில நொடிகளில் அழிந்துவிடும், ஆனால் அரித்த செவுள் ஆற நாளாகும், அதனால் அன்றைக்குத் தீனி வேண்டாம், விளக்கையும் அணைத்துவிடுங்கள். பதற்றத்தில் பலர் செய்வது இன்னொரு தடவை தண்ணீர் மாற்றுவது. அதே குழாய், அதே குளோரின். அதைச் செய்யாதீர்கள்.

இனி அளவுக்கு வருவோம், தப்பு இங்கேதான் நடக்கிறது. வாளியிலேயே மருந்தைக் கலந்து பிறகு தொட்டியில் ஊற்றினால் வாளித் தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதும். குழாயை நேராகத் தொட்டிக்குள் விட்டு நிரப்புகிறவர்கள் முழுத் தொட்டிக்கும் முதலிலேயே போட்டுவிட்டு அப்புறம் குழாயைத் திறக்க வேண்டும். பாதி நிரம்பியதும் ஞாபகம் வந்து போடுவது இந்தக் கணக்கில் சேராது.

கடையில் வாங்கும் ஆன்டி குளோரின் பலவற்றில் இருப்பது சோடியம் தயோசல்பேட்தான். பழைய போட்டோக்காரர்கள் ஹைப்போ என்பார்கள். படிகமாக வாங்கி நீங்களே கரைத்துக்கொள்ளலாம். 100 கிராம் படிகத்தைக் கரைத்து மொத்தம் 1 லிட்டராக்கினால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். 1 மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் ஹைப்போ என்பது தாராளமான கணக்கு. அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் உள்ள 10 லிட்டர் வாளிக்கு 140 மில்லிகிராம், உங்கள் கரைசலில் சுமார் ஒன்றரை மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வைத்துக்கொண்டால் மூடியில் உத்தேசமாக அளக்கும் பழக்கம் போய்விடும். கரைசலை வெயில் படாத இடத்தில் வையுங்கள், மாதக்கணக்கில் கிடந்தது கலங்கிப்போனால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

"எப்போதும் இதே அளவுதான் போடுவேன், இன்றைக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டால், குழாயில் வருகிற குளோரின் எப்போதும் ஒரே அளவு இல்லை என்பதுதான் பதில். பெருமழைக்குப் பிறகும், குழாய் உடைந்து சரிசெய்த பிறகும் அதிகமாகப் போடுவார்கள். ஒருமுறை எங்கள் தெருவில் குழாய் வேலை முடிந்த மறுநாள், வாளியில் தண்ணீர் விழும்போதே நீச்சல் குள வாசனை மூக்கில் ஏறியது. ஏறியும், வழக்கமான அளவையே போட்டு ஊற்றினேன். மூன்று கோல்ட்ஃபிஷ் போய்ச் சேர்ந்தன. அன்றிலிருந்து வாளியை முகர்ந்து பார்க்காமல் ஊற்றுவதில்லை. வாசனை இல்லை என்பதற்காகக் குளோரின் இல்லை என்று ஆகாது, ஆனால் வாசனை இருந்தால் அளவைக் கூட்டியே ஆக வேண்டும்.

ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீர்தான், இருந்தும் அதே தவிப்பு

"ராத்திரி பிடித்து வை, காலையில் ஊற்று" என்பது மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்த பேச்சு. வெறும் குளோரின் என்றால் அது உண்மைதான், வாய் அகன்ற பாத்திரத்தில் ஏர் பம்ப் ஓடவிட்டால் 24 மணி நேரத்தில் போய்விடும். மூடி போட்ட டிரம்மில் அசையாமல் வைத்தால் போகாது, அதைப் பிடித்து வைத்த தண்ணீர் என்று சொல்லிப் பயனில்லை.

திறந்து வைத்தும் போகவில்லை என்றால் உங்கள் ஊர்த் தண்ணீரில் குளோரமைன் இருக்கலாம். குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்தால் வருவது அது. நெடுந்தூரக் குழாயில் கடைசி வீடு வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்றுதான் அதைப் போடுகிறார்கள். எளிதில் ஆவியாகாது என்பதுதான் அதன் சிறப்பே, நமக்கு அதுவே தலைவலி. நாட்கணக்கில் வைத்தாலும் மிச்சம் இருக்கும்.

இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் ஆன்டி குளோரின் ஒரு சொட்டு போட்டுவிட்டு அம்மோனியா டெஸ்ட் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் அம்மோனியாவுக்கு வேலையே இல்லை, மஞ்சளாக இருக்க வேண்டிய சோதனைக் குழாய் பச்சை தட்டினால் அது பெரும்பாலும் குளோரமைனிலிருந்து வந்தது. அம்மோனியா டெஸ்டில் இரண்டு வகை உண்டு. நெஸ்லர் வகை சில கண்டிஷனர்களோடு (ஆன்டி குளோரின் போலக் குழாய்த் தண்ணீரைப் பதப்படுத்தும் மருந்துகள்) சேர்ந்தால் பொய்யாக நிறம் காட்டும், ஆகையால் சாலிசிலேட் வகை வாங்குங்கள். இன்னொரு வழி, இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி குளோரின் டெஸ்ட். அதில் தனிக் குளோரின் (அம்மோனியாவோடு சேராதது) எவ்வளவு, மொத்தக் குளோரின் எவ்வளவு என்று இரண்டும் பார்க்கலாம். தனி ஏறக்குறைய பூஜ்யம், மொத்தம் மட்டும் எகிறுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

குளோரமைன் என்று தெரிந்துவிட்டால் பிடித்து வைப்பதை விட்டுவிட்டு மருந்துக்கு வாருங்கள். கொதிக்க வைத்தாலும் போகும், இருபது நிமிடம் கொதிக்க வேண்டும், பிறகு ஆறவிட்டு, ஏர் பம்ப் குழாயின் நுனியில் மாட்டும் காற்றுக்கல் போட்டு ஆக்சிஜனைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஐந்து லிட்டர் கிண்ணத்துக்கு வேண்டுமானால் சரி.

ஆன்டி குளோரின் ஒழுங்காகப் போட்டேன், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து செவுள் சிவந்து மேலே வருகிறது

ஹைப்போ குளோரமைனை உடைக்கும்போது குளோரினை அழித்துவிட்டு அம்மோனியாவைத் தொட்டியில் விட்டுவிட்டுப் போகும். லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் குளோரமைன் என்றால் அரை மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா வரும். நன்றாகப் பழகிய ஃபில்டர் உள்ள தொட்டியில் இதைப் பாக்டீரியா சில மணி நேரத்தில் தின்றுவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. புதுத் தொட்டியிலும், பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றிய தொட்டியிலும்தான் மாட்டிக்கொள்வோம். அம்மோனியாவையும் சேர்த்துப் பிடித்து வைக்கும் கண்டிஷனர்கள் தனியாகக் கிடைக்கின்றன, புட்டியின் மேல் குளோரமைன், அம்மோனியா இரண்டும் எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். ஹைப்போவை இரட்டிப்பாகப் போட்டால் அம்மோனியா போய்விடாது.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளோரமைனே இல்லாத ஊரிலும் இது நடக்கும். டெஸ்டில் தெரிகிற அம்மோனியா முழுவதும் விஷம் இல்லை. அதில் ஒரு பங்கு அம்மோனியம் என்ற சாதுவான வடிவில் இருக்கும், மிச்சம்தான் கொல்லும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச்சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு, 7-க்குக் கீழே என்றால் அமிலம்) வெப்பமும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் விஷப் பங்கு சுமார் அரை சதவீதம், பிஎச் 8 என்றால் சுமார் 5 சதவீதம். பத்து மடங்கு.

இப்போது மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத ஒரு தொட்டியை நினைத்துப் பாருங்கள். நாளாக ஆக அதில் பிஎச் 6-க்குக் கீழே இறங்கியிருக்கும், அந்த அமிலத்தில் ஃபில்டர் பாக்டீரியாவும் மந்தமாகியிருக்கும், மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா சேர்ந்து கிடக்கும், ஆனால் எல்லாம் சாதுவான அம்மோனியமாக. மீன் ஏதோ சமாளித்துக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞானோதயம் வந்து பாதித் தண்ணீரைக் கொட்டி பிஎச் 8 உள்ள குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறீர்கள். பாதி அம்மோனியா போனது உண்மைதான், மிச்சப் பாதியில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் விஷமாக மாறுகிறது. "சுத்தம் செய்ததும் செத்துப்போச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. நெடுநாள் கவனிக்காத தொட்டிக்கு முதல் வாரம் தினமும் பத்து சதவீதம் மாற்றுங்கள், அதற்கு மேல் கை வைக்காதீர்கள்.

மீன் மேலும் கண்ணாடியிலும் பொடிப் பொடியாகக் குமிழி

குழாயிலிருந்து வருகிற குளிர்ந்த தண்ணீர் அழுத்தத்தில் அதிகக் காற்றைக் கரைத்து வைத்திருக்கும். தொட்டியின் சூட்டில் அது குமிழியாக வெளியேறும். கண்ணாடியில் ஒட்டினால் அழகு, மீனின் துடுப்புக்குள்ளும் கண்ணுக்குள்ளும் ஏறினால் ஆபத்து. ஒரு கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்: பால் மாதிரி இருந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தால் அது வெறும் காற்று. வாளியில் காற்றுக்கல் போட்டு அரை நாள் விட்டால் தீர்ந்தது. மேலேயிருந்து தூவல் போல ஊற்றினாலும் கொஞ்சம் குறையும்.

தண்ணீர் மாற்றி மூன்றாம் நாள் தொட்டி வெள்ளையாகக் கலங்குகிறது

இது அடியிலிருந்து தெளியாத கலக்கம், மெல்லிய மஞ்சு மாதிரி நிற்கும். ஃபில்டரைக் குழாயடியில் கழுவினீர்களா? கழுவியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

அந்த ஸ்பான்ஜில் இருந்த பழுப்புக் கசடுதான் உங்கள் தொட்டியின் உயிர். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. குடிநீரில் பாக்டீரியா சாகத்தானே குளோரின் போடுகிறார்கள், உங்கள் ஸ்பான்ஜில் உள்ளது நல்ல பாக்டீரியா என்று அதற்குத் தெரியாது. நானும் ஆரம்பத்தில் ஸ்பான்ஜைக் குழாய்க்கு அடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து புதிது போல ஆக்கியிருக்கிறேன், பிழிந்த தண்ணீர் தெளிவாக வரும்வரை விட்டதே இல்லை, பெருமையாகவும் இருக்கும். இரண்டு நாளில் தொட்டி கலங்கும், உடனே இன்னொரு தடவை கழுவுவேன்.

இனிமேல் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் வைத்து அதில் இரண்டு மூன்று முறை அமுக்கி எடுத்தால் போதும். தண்ணீர் ஓட்டம் திரும்ப வந்தால் வேலை முடிந்தது, நிறம் போக வேண்டியதில்லை. ஏற்கெனவே கழுவியாகிவிட்டது என்றால் தீனியைக் கால்வாசியாகக் குறையுங்கள், தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள், ஏறினால் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், மருந்து கலந்த தண்ணீரால். தெரிந்தவர் யாராவது ஓடிக்கொண்டிருக்கிற ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பான்ஜ் கொடுத்தால் பெரிய உதவி. அவர் தொட்டியில் நோய் இல்லை என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

செவுள் பழுப்பாகத் தெரிகிறது, மீன் ஃபில்டர் வாயருகே போய் நிற்கிறது

மேலே சொன்னதன் தொடர்ச்சி இது. அம்மோனியா தின்னும் பாக்டீரியா முதலில் திரும்பிவிடும், நைட்ரைட் தின்பது பின்தங்கும், நடுவில் நைட்ரைட் குவியும். அது ரத்தத்தில் புகுந்து ஆக்சிஜன் ஏந்த முடியாமல் செய்கிறது, ரத்தமே பழுப்பாகிவிடும். ஆன்டி குளோரின் இதற்கு உதவாது. உதவுவது உப்பு: லிட்டருக்கு 1 கிராம், எதுவும் சேர்க்காத சாதா உப்பு, தனியாகக் கரைத்து இரண்டு மூன்று தவணையாக. உப்பிலுள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசலில்தான் நுழையும், குளோரைடு கூட்டமாக நின்றால் நைட்ரைட்டுக்கு வழி கிடைக்காது. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக ஊற்றும்போது உப்பு சேர்க்காதீர்கள், உப்பு ஆவியாகாது.

மீன் நன்றாக இருக்கிறது, இறாலும் நத்தையும் மட்டும் சாகின்றன

செம்பைச் சந்தேகப்படுங்கள். புதிதாகப் போட்ட செம்புக் குழாயிலோ ஹீட்டரிலோ இரவெல்லாம் நின்ற தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். காலையில் முதலில் வருவதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, குளிர்ந்த குழாயிலிருந்தே பிடியுங்கள். சூடு வேண்டுமென்றால் தனியாகக் காய்ச்சிக் கலக்கலாம். மீனுக்குப் போட்ட ஏதாவது மருந்தில் செம்பு இருந்ததா என்றும் பாருங்கள்.

போர்த் தண்ணீர், குளோரினே கிடையாது, இருந்தும் மீன் மேலே வருகிறது

பூமிக்குள்ளிருந்து வருவதில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். வாளியில் பிடித்ததும் ஒரு முறை, காற்றுக்கல் போட்டு ஒரு நாள் கழித்து ஒரு முறை பிஎச் பாருங்கள். ஏறியிருந்தால் போனது கரியமில வாயு, ஒரு நாள் காற்றடித்த தண்ணீரையே இனி ஊற்றுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு, அதற்கும் பலமான காற்றோட்டம்தான் வழி, நாற்றம் முழுக்கப் போகும்வரை தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வைத்ததும் துருநிறமாகி அடியில் படிந்தால் இரும்பு. படியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் மெதுவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு சரி, நிறம்தான் மங்கி, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது

உடனே தொடங்கியிருந்தால் வெப்பமானியைப் பாருங்கள், பழைய தண்ணீருக்கும் புதியதற்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. கையை விட்டுப் பார்த்துச் சொல்வது நம்பத்தக்கதில்லை.

வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வந்த சோர்வு என்றால் கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் போன்ற தாதுக்களின் அளவு. மோலி, கப்பிக்குக் கடின நீர் வேண்டும். டெட்ராக்கள் பலவும் மென்னீரில் வாழ்பவை. உப்பு போட்டு இயங்கும் மென்னீராக்கி வீட்டில் இருந்தால் அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, மீனுக்கு அது மென்னீர் ஆகாது, அந்தக் கருவிக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து பிடியுங்கள். ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: அதில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கிற கார்பனேட் அனேகமாக இல்லை, ஒரு நாள் திடுமென்று சரியும். குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலப்பது, அல்லது அதற்கென்று விற்கும் தாது உப்பைச் சேர்ப்பது, இரண்டில் ஒன்று செய்யுங்கள்.

எதுவுமே பொருந்தவில்லை

டெஸ்ட் எல்லாம் சுத்தம், மருந்து சரி, நேரமும் எதனோடும் சேரவில்லை. அப்படியென்றால் வாளியைப் பாருங்கள். தரை துடைத்த வாளியா? ஒரு புட்டியில் அந்த வாளித் தண்ணீரைப் பாதி நிரப்பி மூடிக் குலுக்குங்கள். குமிழி உடனே உடைந்தால் நல்லது, நுரை கட்டி நின்றால் சோப்பு. கையில் பூசிய கிரீம், அறையில் அடித்த கொசு மருந்து இரண்டும் இதே கணக்குதான். ஏர் பம்ப் அறைக்காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது என்பது பலருக்கு மறந்துவிடும். மீனுக்கென்று ஒரு வாளி தனியாக வாங்கி, வேறு யாரும் எடுக்காதபடி அதன் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் எழுதியும் ஒருமுறை அதில் துணி ஊறியது.